விண்கல்லா, வெறுங்கல்லா? கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

புதுச்சேரியில் தங்கத்துக்கு டச் பார்க்கும், அதாவது தரம் சோதிக்கும் கடை ஒன்றில் பதினெட்டு வருடமாக மெஷின் ஓட்டுகிறேன். சொந்த ஊர் கடலூர், மஞ்சக்குப்பம். பழைய சங்கிலி, அடகுக்குப் போகும் வளையல், சந்தேகத்துக்குரிய காசு என்று வந்துபோகும் இடத்தில், மாதத்துக்கு ஒருவராவது துணியில் சுற்றிய கல்லோடு வந்து நிற்பார். "சார், இது வானத்துலேர்ந்து விழுந்தது. கொஞ்சம் பாருங்க." எனக்கு விண்கல் கிறுக்கு பிடித்தது இப்படித்தான். இன்று என் அலமாரியில் முப்பத்தொரு துண்டுகள் இருக்கின்றன. அதில் இரண்டு போலி என்று தெரிந்தே வைத்திருக்கிறேன். ஏன் என்று கீழே வரும்.

திரும்பத் திரும்ப ஒரே பதிலைச் சொல்லித் தொண்டை காய்ந்துபோனதால் எழுதி வைக்கிறேன்.

எங்கள் நிலத்தில் கறுப்பாக, கனமாக ஒரு கல் கிடைத்தது. காந்தமும் ஒட்டுகிறது. விண்கல்தானே?

பெரும்பாலும் இல்லை. என் மேசைக்கு வந்த உள்ளூர்க் கற்களில் இதுவரை ஒன்றுகூட விண்கல்லாக இருந்ததில்லை. உங்கள் மேல் தப்பில்லை, தப்பு இந்த மண்ணின் மேல். பண்ருட்டி முந்திரித்தோப்பிலிருந்து ஆரோவில், திருவக்கரை வரை செம்மண் மேடுதான். இந்தப் பாறை அடுக்குக்கே புவியியல்காரர்கள் 'கடலூர் மணற்கல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மழைத்தண்ணீர் மண்ணிலிருக்கும் இரும்பைக் கரைத்து இழுத்துப்போய் ஓரிடத்தில் உருண்டையாகக் கட்டிவிடும். அந்தச் செஞ்சரளை வெளியே கறுத்துப் பளபளக்கும், கையில் கனக்கும், சிலது காந்தத்துக்கும் அசையும். பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும்.

அடுத்தது இரும்புக் கிட்டம், அதாவது உருக்கும்போது மிஞ்சும் கசடு. கொல்லுப்பட்டறை இருந்த இடம், பழைய ஆலைக் கொதிகலன் சாம்பல் கொட்டிய பள்ளம், ரயில் பாதை ஓரம் என்று எங்கும் கிடைக்கும். உருகி வழிந்த தோற்றம், கறுப்பு நிறம், காந்தம் ஒட்டும் குணம் எல்லாம் இருப்பதால் விண்கல் என்று விற்கப்படும் கற்களில் இதற்குத்தான் முதலிடம். நெய்வேலிப் பக்கமிருந்து மினுமினுக்கும் கட்டிகளைக் கொண்டுவருவார்கள். அது நிலக்கரியோடு வரும் பைரைட், இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. தங்கம் என்றும் அதைக் கொண்டுவருகிறார்கள், விண்கல் என்றும் கொண்டுவருகிறார்கள். கொண்டுவருகிறவரின் ஆசையைப் பொறுத்தது. அரிக்கமேட்டுப் பக்கம் கிடைக்கும் கறுப்புக் கண்ணாடித் துண்டு, இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் அங்கே மணி செய்தவர்கள் விட்டுப்போன கழிவாக இருக்கலாம். என்னைக் கேட்டால் விண்கல்லைவிட அது பெரிய விஷயம். ஆனால் அதையும் திருவக்கரைக் கல்மரத்தையும் எடுத்துவரக் கூடாது, இரண்டும் பாதுகாக்கப்பட்ட இடங்கள்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டா?

உண்டு. நான்கு சோதனை போதும், நூற்றில் தொண்ணூறு கற்கள் அதிலேயே கழிந்துவிடும்.

முதலில் கண்ணால் பாருங்கள். கல்லில் பொரி போலக் குமிழ் ஓட்டைகள் இருந்தால் அநேகமாகக் கிட்டம்தான். விண்கல்லில் குமிழ் மிக அபூர்வம். கட்டைவிரலால் களிமண்ணை அழுத்தியதுபோன்ற பள்ளம் இருக்கலாம், அது வேறு. புதிதாக விழுந்த கல்லின் மேல் மெல்லிய கருந்தோல் ஒன்று இருக்கும். முட்டை ஓட்டைவிடக் கொஞ்சம்தான் தடிமன் கூடுதல். காற்றில் உரசி மேற்பரப்பு உருகி உறைந்த தோல் அது. ஓரம் உடைந்திருந்தால், உள்ளே வெளிர் சாம்பல் நிறமும் வெளியே கறுப்பும் தனித்தனியாகத் தெரியும்.

இரண்டாவது உரைகல். நம் தொழிலில் தங்கத்தை உரைப்பதுபோல்தான், ஆனால் கறுப்பு உரைகல் வேண்டாம், வெள்ளையாக இருக்க வேண்டும். பீங்கான் கிண்ணத்தைக் கவிழ்த்தால் அடியில் மெருகு பூசாத ஒரு வளையம் இருக்கும். விருத்தாசலத்துக் கிண்ணம் ஏதாவது வீட்டில் கிடக்கும், அதில் உரையுங்கள். செம்பழுப்புக் கோடு விழுந்தால் ஹெமடைட், கருங்கோடு விழுந்தால் மேக்னடைட். இரண்டும் இரும்புத் தாது, நம் பூமிச் சரக்கு. புது விண்கல் பெரும்பாலும் கோடே போடாது.

மூன்றாவது அடர்த்தி. சமையலறைத் தராசில் கல்லை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வழியாத அளவு தண்ணீர் ஊற்றிய டம்ளரைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க முங்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுக்க வேண்டும். 350 கிராம் கல், தண்ணீரில் 100 காட்டினால் அடர்த்தி 3.5. கல் வகை விண்கற்கள் பெரும்பாலும் 3.2 முதல் 3.8 வரை வரும், இரும்பு வகை 7.5க்கு மேல். ஹெமடைட் உருண்டை 5 பக்கம் போகும். வயல் கருங்கல் 3ஐத் தாண்டுவதே கடினம்.

நான்காவது, ஒரு மூலையை அரத்தால் தேய்த்து ஒரு சிறு ஜன்னல் திறப்பது. கல்லுக்குள் வெள்ளிப் பொடி தூவியதுபோல் உலோகப் புள்ளிகள் மின்னினால் என்னைக் கூப்பிடுங்கள். நானே வருகிறேன்.

காந்தத்தைக் கடைசியில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இப்போது எல்லோரிடமும் இருக்கும் சின்ன நியோடைமியம் காந்தம் ரொம்பக் கடுமையானது. விண்கல்லுக்குள் கோடிக்கணக்கான வருடமாக இருக்கும் பழைய காந்தப் பதிவை ஒரே தொடலில் அழித்துவிடும். செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்து சகாராவில் கிடைத்த அரிய கற்களிலேயே இப்படிப் பதிவு அழிந்துபோனதாக ஆராய்ச்சியாளர்கள் புலம்பியிருக்கிறார்கள். சாதாரணக் காந்தத்தை நூலில் தொங்கவிட்டு, கல்லை மெல்ல அருகே கொண்டுபோய் அது அசைகிறதா என்று பார்த்தால் போதும்.

உங்கள் மெஷினில் வைத்தால் உடனே தெரிந்துவிடாதா?

பாதி தெரியும். எங்கள் கேரட் மெஷின் எக்ஸ்ஆர்எஃப் வகை. எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, திரும்பி வரும் கதிரை வைத்து எந்த உலோகம் எவ்வளவு என்று சொல்லும். இரும்பு விண்கல்லை வைத்தால் கதை சுலபம்: இரும்பு, கூடவே 5 முதல் 12 சதவீதம் போல நிக்கல், அரை சதவீதம் சுற்றிக் கோபால்ட். மாங்கனீசும் குரோமியமும் இருக்காது என்றே சொல்லலாம். மாங்கனீசு தலைகாட்டினால் அது உலையில் வார்த்த இரும்பு. குரோமியம் 18, நிக்கல் 8 என்று வந்தால் உங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளருக்கு அண்ணன்.

கல் வகையில்தான் சிக்கல். நகைக்காக அமைத்த மெஷினுக்கு மக்னீசியம், ஆக்சிஜன் போன்ற லேசான தனிமங்கள் கண்ணுக்கே தெரியாது. தெரிகிற நாலைந்தை மட்டும் கூட்டி நூறு சதவீதமாக்கிக் காட்டும். அதனால் செஞ்சரளையை வைத்தால்கூட 'இரும்பு 96' என்று அடிக்கும். அந்தச் சீட்டை வாங்கிப்போய், 'புதுச்சேரி லேப் ரிப்போர்ட்' என்று சொல்லி விற்ற ஆளை எனக்குத் தெரியும். அதிலிருந்து கல்லுக்குச் சீட்டு அடித்துக் கொடுப்பதில்லை, வாயால் சொல்வதோடு சரி.

ஒரு விண்கல் கோடிக்கு விலை போகுமாமே?

போகும், ஒன்றிரண்டு. 2025 ஜூலையில் நியூயார்க்கில் சோதபிஸ் ஏலத்தில் 24 கிலோவுக்கு மேல் எடையுள்ள செவ்வாய்க் கல் ஒன்று 53 லட்சம் டாலருக்குப் போனது. ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் கிடைத்தது. அது எப்படி வெளியே போனது என்று அந்த நாட்டு அரசு விசாரணை தொடங்கியது தனிக்கதை. அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் கடைக்கு ஏழு கல் வந்தது.

நிஜச் சந்தை இப்படி இல்லை. சகாராவில் பொறுக்கிய, வகைப்படுத்தாத சாதாரணக் கல் கிராமுக்கு நூறு, இருநூறு ரூபாய்க்கே கிடைக்கும். நிலாக் கல், செவ்வாய்க் கல் என்றால் விலை எங்கேயோ போகும், ஆனால் அவற்றை நிரூபிக்க ஆய்வகம் வேண்டும். ஆக, உங்கள் கையில் இருப்பது நிஜமான விண்கல்லாகவே இருந்தாலும் ஒரு நல்ல செல்போன் வாங்கலாம். வீடு வாங்க முடியாது.

"நாசா வாங்குது, இரிடியம் இருக்கு, பத்து கோடிக்கு ஆள் ரெடி" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அது ரைஸ் புல்லிங் கும்பலின் பழைய பாட்டு. இடி விழுந்த கலசம் அரிசியை இழுக்கும், அதில் இரிடியம் என்ற அரிய உலோகம் இருக்கிறது என்று சொல்லி, பரிசோதனைச் செலவு, கதிர்வீச்சு உடை வாடகை, விஞ்ஞானியின் விமான டிக்கெட் என்று தவணை தவணையாகக் கறப்பார்கள். கலசத்துக்குப் பதில் இப்போது கல், அவ்வளவுதான். விண்கல்லில் இரிடியம் இருப்பது உண்மைதான். எவ்வளவு தெரியுமா? ஒரு டன் சாதாரண விண்கல்லை அரைத்துப் பிழிந்தாலும் ஒரு கிராம் தேறாது.

போலி விண்கல்லை எப்படித் தயாரிக்கிறார்கள்?

மூன்று தரம் உண்டு.

மட்டமான தரம், கிட்டத்தையும் ஹெமடைட் உருண்டையையும் அப்படியே விற்பது. 'விண்கல், ஒரு கிலோ 999 ரூபாய்' என்று இணையத்தில் வருவது இந்த ரகம். சாதாரணக் கருங்கல்லை வெல்டிங் தீயில் காட்டி, கறுப்புச் சாயம் ஏற்றுவதும் உண்டு. நகத்தால் சுரண்டினாலோ நெயில் பாலிஷ் துடைக்கும் அசிடோனில் பஞ்சை நனைத்துத் தேய்த்தாலோ வேஷம் கலைந்துவிடும்.

நடுத்தரம், இரும்பை வார்த்து, சுத்தியலால் தட்டிக் கட்டைவிரல் பள்ளம் போட்டு, உப்புத்தண்ணீரில் ஊறவைத்துப் பழசாக்குவது. இதில் வேலைப்பாடு உண்டு. நிக்கல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு ரசாயனச் சோதனை இருக்கிறது. டைமெத்தில்கிளையாக்சைமும் அம்மோனியாவும் தொட்ட பஞ்சை உலோகத்தில் தேய்த்தால், நிக்கல் இருந்தால் ரோஜா நிறமாகும். அதைத் தெரிந்துகொண்டு மேலே நிக்கல் முலாம் பூசிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். முலாம் என்பது நமக்குப் பழகிய திருட்டு. கவரிங் நகையை எப்படிப் பிடிப்போமோ அப்படியே: அரத்தால் ஆழமாக ஒரு வெட்டு, உள்ளே சோதனை.

மூன்றாவது தரத்தைப் பார்த்துத்தான் சேகரிப்பவர்கள் பயப்படுகிறார்கள். அதில் கல் நிஜம், பெயர்தான் பொய். அர்ஜென்டினாவின் காம்போ டெல் சியலோ இரும்பு மலிவு, டன் கணக்கில் கிடைத்தது. அதை நமீபியாவின் கிபியோன் என்றோ ரஷ்யாவின் சிக்கோட்டே அலின் என்றோ சொன்னால் விலை பல மடங்கு. சகாராவின் பெயரில்லாத கல்லை, ஊரே பார்க்க விழுந்த பிரபலக் கல்லாக்கிவிட்டால் லாபம் இன்னும் அதிகம். காந்தம், உரைகல், அடர்த்தி, கேரட் மெஷின் எல்லாவற்றிலும் அது பாஸாகும். ஏனென்றால் அது விண்கல்தான். மாங்காயில் இதை நாம் பார்த்திருக்கிறோம்: மாம்பழம் நிஜம், சேலம் என்பது பொய்.

நீங்கள் ஏமாந்ததுண்டா?

உண்டு. அந்த இரண்டில் ஒன்று அதுதான்.

2013 பிப்ரவரி 15 காலையில் ரஷ்யாவின் செல்யபின்ஸ்க் நகரத்து வானத்தில் ஒரு பாறை வெடித்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஜன்னல் கண்ணாடி நொறுங்கியே ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் காயம்பட்டார்கள். அந்தக் கார் கேமரா வீடியோக்களை நான் எத்தனை தடவை பார்த்தேனோ. சில வருடம் கழித்து, இணையத்தில் ஒரு வியாபாரியிடம் 18 கிராம் துண்டு ஒன்றைச் செல்யபின்ஸ்க் என்று வாங்கினேன். கறுப்புத் தோல், அழகான கண்ணாடிப் பெட்டி, முத்திரை பதித்த அட்டை. ஆறு மாதச் சேமிப்பு. வீட்டில் வேறு கணக்கு சொல்லியிருந்தேன்.

ஒரு நாள் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டி மெருகேற்றலாம் என்று அமர்ந்தேன். உள்ளே முழுக்கத் துருப்பழுப்பு. செல்யபின்ஸ்க் கல்லின் உள்ளே வெளிர் சாம்பல் நிறமும் அதில் கறுப்பு நரம்புகளும் இருக்க வேண்டும். பனி உருகும்வரை கிடந்து ஓரத்தில் துருவேறிய துண்டுகள் உண்டுதான். ஆனால் நடுமையம்வரை இப்படிப் பழுக்க, பாலைவனத்தில் மிக நீண்ட காலம் கிடந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது ஏதோ சகாராக் கல். கிராம் நூறு ரூபாய்ச் சரக்கை ஆயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கியிருக்கிறேன். பதினெட்டு காரட்டை இருபத்திரண்டு என்று விற்கிறவனை ஒரே பார்வையில் பிடிக்கிற கை, அட்டையைப் பார்த்து மயங்கிவிட்டது. வியாபாரியின் பக்கம் அடுத்த வாரமே காணாமல்போயிருந்தது. கல்லைத் தூக்கிப்போட மனம் வரவில்லை, அதுவும் விண்கல்தானே. 'பெயர் தெரியாதவர்' என்று ஒட்டி வைத்திருக்கிறேன்.

சான்றிதழோடு வருகிறதே, அதை நம்பலாமா?

சான்றிதழ் அடிக்கக் கணினியும் பிரிண்டரும் போதும். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, எழுதியதை வெளியே சரிபார்க்க முடிகிறதா என்று பாருங்கள்.

உலகில் அங்கீகரிக்கப்பட்ட ஒவ்வொரு விண்கல்லுக்கும் ஒரு பெயர் உண்டு. மெட்டியோரிட்டிக்கல் சொசைட்டி என்ற விஞ்ஞானிகள் சங்கத்தின் பெயர்க்குழு அதைத் தரும், அவர்களுடைய புல்லட்டின் தரவுத்தளத்தில் அது ஏறும். 70,000க்கு மேல் பெயர்கள் இருக்கின்றன, யாரும் இலவசமாகத் தேடலாம். பெரும்பாலும் விழுந்த ஊரின் பெயர்தான். வடமேற்கு ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் கிடைத்தவற்றுக்கு, அந்த இடத்தின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி 'என்டபிள்யூஏ' என்று போட்டு ஓர் எண். பெயர் வாங்க வேண்டுமென்றால் 20 கிராம் அல்லது மொத்த எடையில் 20 சதவீதம், இதில் எது குறைவோ அதை ஓர் ஆய்வு நிறுவனத்தில் ஒப்படைக்க வேண்டும். ஆகவே, பெயரைத் தேடி மொத்த எடை, வகை, உள்ளே எப்படி இருக்கும் என்ற விவரத்தைப் படித்து, கையிலிருப்பதோடு ஒப்பிடுங்கள். மொத்தமே 300 கிராம் கிடைத்த கல்லின் பெயரில் ஒருவர் ஒரு கிலோ விற்கிறார் என்றால் மேலே பேச வேண்டியதில்லை.

அடுத்த கேள்வி: இந்தத் துண்டு யாரிடமிருந்து யாரிடம் வந்தது? பழைய சேகரிப்பாளரின் எண், அருங்காட்சியகத்தின் சீட்டு, வெட்டுவதற்கு முன் எடுத்த படம், முந்தைய பில். நிலத்துக்குத் தாய்ப்பத்திரம் கேட்கிறோமே, அதேதான். தாய்ப்பத்திரமில்லாத நிலத்தை வாங்காதவர்கூட, கதையை மட்டும் நம்பிக் கல்லை வாங்கிவிடுகிறார். அர்ஜென்டினா 2007இல் சட்டம் போட்டு விண்கற்களைப் பண்பாட்டுச் சொத்தாக்கிவிட்டது, கிபியோனை வெளியே கொண்டுபோக நமீபியா அனுமதிப்பதில்லை. அங்கிருந்து 'இப்போதுதான் வந்த புது ஸ்டாக்' என்கிறவர் பொய் சொல்கிறார், இல்லையென்றால் கடத்துகிறார்.

விண்கல் மோதிரம் வாங்கலாமா? கோடுகோடாக அழகாக இருக்கிறதே.

அந்தக் கோடுகளுக்கு விட்மான்ஸ்டாட்டன் கோலம் என்று பெயர். நிக்கல் அதிகமான இரும்பும் குறைவான இரும்பும் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்து வளர்ந்தது. பத்து லட்சம் வருடத்துக்குச் சில டிகிரி, சில நூறு டிகிரி என்ற வேகத்தில் ஆறினால்தான் அப்படி வளரும். எந்த உலையாலும் முடியாது. அதனால் போலிக்காரர்கள் எவர்சில்வரில் லேசரால் வரைகிறார்கள். வரைந்தது மேல்தோலில் மட்டும் நிற்கும். நிஜத்தில் பட்டை கல்லுக்குள் ஓடுவதால், மேலே முடிகிற கோடு ஓரம் திரும்பிப் பக்கவாட்டிலும் தொடரும், கோணம் மட்டும் மாறும். லூப்பில், அதாவது நகைக்காரர்களின் உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஓரத்தைப் பாருங்கள், அது போதும். இரண்டு மோதிரத்தில் ஒரே கோலம் இருந்தால் அதற்கும் விளக்கம் தேவையில்லை.

இன்னொன்று, நம் ஊர் உப்புக்காற்று. நிஜமான விண்கல் மோதிரம் இங்கே துருப்பிடிக்கும். முலாம் போட்டுத் தருவார்கள், அது தேயும். என்னுடைய காம்போ துண்டு தேவனாம்பட்டினம் காற்றில் ஒரே ஐப்பசி மழையில் பழுப்பாக அழுதது. இப்போது சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி போட்ட டப்பாவில் இருக்கிறது. பத்து வருடமாகக் கடற்கரையில் மாட்டித் திரிந்தும் துளி துருவில்லை என்றால் அதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

ஆரோவில் பக்கம் பச்சைக் கல் ஒன்று 'மோல்டவைட்' என்று விற்கிறார்களே, அது விண்கல்லா?

விண்கல் இல்லை, விண்கல் விழுந்ததால் உண்டான கண்ணாடி. சுமார் ஒன்றரைக் கோடி வருடத்துக்கு முன் ஜெர்மனியில் ரீஸ் என்ற இடத்தில் பெரிய மோதல் நடந்து, உருகித் தெறித்த மண் இன்றைய செக் நாட்டில் போய் விழுந்தது. சமூக ஊடகத்தில் 2021 வாக்கில் பைத்தியம் கிளம்பி விலை ஏறியது, கூடவே பச்சை பாட்டில் கண்ணாடியை அச்சில் ஊற்றி அமிலத்தில் நனைத்த போலிகளும் குவிந்தன. நிஜத்தில் இலைப்பச்சை நிறம் கொஞ்சம் மங்கலாக, உள்ளே நீள்குமிழும் சுழிந்தோடும் கோடும் இருக்கும். ஈரம் சொட்டுவதுபோல் பளபளத்தால், அல்லது தட்டில் இருக்கும் பத்துத் துண்டும் ஒரே வார்ப்பில் இருந்தால், டீ குடித்துவிட்டு வாருங்கள். ஞாயிறு சந்தையில் காந்தி வீதி நடைபாதையில் நான் பார்த்த பச்சைக் கற்களில் நிஜம் ஒன்றுமில்லை. விற்றவரும் அப்படிச் சத்தியம் செய்யவில்லை, நூறு ரூபாய்தான் கேட்டார்.

விண்கல் அணிந்தால் சனி தோஷம் போகுமா?

எனக்குத் தெரிந்து போவது பணம் மட்டும்தான்.

விஞ்ஞானிகளே ஏமாந்திருக்கிறார்களா?

நன்றாக ஏமாந்திருக்கிறார்கள். என் ஏமாற்றத்துக்கு மருந்து அதுதான். 1864 மே மாதம் தெற்கு பிரான்ஸில் ஓர்கேய் என்ற ஊரில் கரிமம் நிறைந்த அபூர்வக் கல் விழுந்தது. அதில் ஒரு துண்டைக் கண்ணாடிக் குடுவையில் மூடி வைத்திருந்தார்கள். நூறு வருடம் கழித்து, 1960களில் ஆராய்ந்தபோது உள்ளே கோரைப்புல் விதை! வேற்றுலக உயிர் என்று குதிக்காமல் நிதானமாகப் பார்த்ததில், கல்லை நனைத்து இளக்கி, விதையையும் நிலக்கரித் துணுக்கையும் திணித்து, பசையால் தோல் போல மூடியிருந்தது தெரிந்தது. உயிர் தானாகத் தோன்றாது என்று லூயி பாஸ்டர் பாரிஸில் பேசியதற்கு அடுத்த மாதம் விழுந்த கல் அது. அந்தச் சண்டையில் யாரையோ கிண்டல் செய்யப் போட்ட திட்டம் என்று ஊகிக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் அப்போது யாரும் குடுவையைத் திறக்கவில்லை. செய்தவர் சிரிக்கக் காத்திருந்தே செத்துப்போயிருப்பார்.

அமெரிக்காவில் ஜான் எவன்ஸ் என்ற அரசுப் புவியியலாளர் 1850களில் ஆரிகன் மலையில் பத்து டன் விண்கல்லைக் கண்டதாகச் சொல்லி, ஒரு சின்னத் துண்டைக் காட்டினார். அவர் இறந்த பிறகு பல தலைமுறைகள் அந்த மலையில் தேடின. 1990களில் துண்டைத் திரும்ப ஆராய்ந்தால், அது சிலி நாட்டு இமிலாக் விண்கல். கல் நிஜம், ஊர் பொய். என் செல்யபின்ஸ்க் கதைதான், நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால்.

நம் பக்கம் உண்மையிலேயே விண்கல் விழுந்திருக்கிறதா?

விழுந்திருக்கிறது. கடலூரைத் தலைநகராகக் கொண்ட பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் 1886 ஜனவரியில் நம்மியந்தல் என்ற ஊரில் நாலரைக் கிலோ கல் விழுந்தது. புல்லட்டினில் அந்தப் பெயரைத் தட்டிப் பாருங்கள், வரும். எனக்கு இதில் ஓர் அற்பப் பெருமை. மதுரைப் பக்கம் 1857இல் விழுந்த பர்னல்லி உலக அருங்காட்சியகங்களில் பேர்போனது. கொடைக்கானல் என்ற பெயரில் 1898இல் கண்டெடுத்த இரும்பு விண்கல் உண்டு. அண்மைக் காலத்தில், 2008 செப்டம்பரில், கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில் நூறு கிலோவுக்கு மேல் விழுந்தது. பீகாரின் ஷெர்கட்டியில் 1865இல் விழுந்த கல் செவ்வாயிலிருந்து வந்தது. இன்றும் செவ்வாய்க் கற்களில் பெரும்பகுதியை உலகம் முழுக்க அந்த ஊரின் பெயரை வைத்துத்தான் அழைக்கிறார்கள்.

2016 பிப்ரவரியில் நாட்றம்பள்ளி அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் வெடிப்பில் ஓட்டுநர் ஒருவர் இறந்தபோது, விண்கல்தான் காரணம் என்று அரசே சொன்னது. படங்களைப் பார்த்தால் தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் இருக்கிறது என்று நாசா விஞ்ஞானிகள் சொன்னார்கள். அதற்குப் பிறகு 'நாட்றம்பள்ளிக் கல்' என்று சொல்லி எத்தனை ஜல்லி என் கடைக்கு வந்ததென்று கேட்காதீர்கள்.

"விழும்போது நான் பார்த்தேன், தொட்டால் கை சுட்டது" என்று விற்பவர் சொல்கிறார்.

அங்கேயே அவர் மாட்டிக்கொண்டார். சின்ன விண்கல் காற்றில் எரிவது சில நொடிதான், அதுவும் மேல்தோலில். அப்புறம் பல கிலோமீட்டர் உயரத்திலிருந்து குளிர்ந்த காற்றில் சும்மா விழுகிறது. தரைக்கு வரும்போது பெரும்பாலும் வெதுவெதுப்பு கூட இருக்காது. புல் எரிந்தது, புகை வந்தது, ராத்திரி முழுக்கத் தணலாக இருந்தது என்பதெல்லாம் சினிமாவைப் பார்த்துச் சேர்த்த மசாலா.

நிஜமாகவே ஒன்று விழுந்தால் என்ன செய்வது?

கிடக்கிற இடத்திலேயே படம் எடுங்கள், நேரத்தைக் குறியுங்கள், கையுறை அல்லது சுத்தமான பிளாஸ்டிக் பையால் எடுங்கள், கழுவாதீர்கள். தாசில்தாரிடம் சொல்லுங்கள். இந்தியாவில் விழும் விண்கற்களைப் பெற்று ஆராய்ந்து பாதுகாக்கும் பொறுப்பு இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையுடையது. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்குமான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. விற்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அந்த வழியில் போகாதீர்கள். வாங்க வருகிறவரும் நல்லவராக இருக்க மாட்டார்.

பணம் கொடுத்துவிட்டேன், கல் போலி. இப்போது?

பணம் ஆன்லைனில் போயிருந்தால் உடனே 1930க்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. கடையில் பில்லோடு வாங்கியிருந்தால் 1915, நுகர்வோர் உதவி எண். ஏமாற்றுக் குற்றத்துக்கு இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 318ஆம் பிரிவு, பழைய 420தான். விளம்பரப் படம், உரையாடல், கல், வந்த பெட்டி எதையும் தூக்கிப்போடாதீர்கள். பெரும்பாலோர் வெட்கத்தில் புகார் கொடுப்பதில்லை. நானும் கொடுக்கவில்லை.

சேகரிக்கத் தொடங்க ஆசை. முதலில் எதை வாங்கலாம்?

பேராசை வேண்டாம். பெயரும் எண்ணும் உள்ள, வெட்டி மெருகேற்றிய ஒரு சாதாரணக் காண்ட்ரைட் (கல் வகை விண்கல்) துண்டு, பத்து கிராம் போதும். வெட்டிய முகத்தில் உலோகப் புள்ளியும் கடுகளவு உருண்டைகளும் தெரியும். அந்த உருண்டைகள் பூமிப் பாறை எதிலும் இல்லை. ஆயிரம், இரண்டாயிரம் ரூபாயில் 450 கோடி வருடத்துப் பொருள், இதைவிட மலிவாக என்ன கிடைக்கும்? அதைத் தினமும் லூப்பில் பாருங்கள். இரண்டு மாதத்தில் கண் பழகிவிடும். அப்புறம் ஒரு கிட்டத் துண்டையும் ஒரு செஞ்சரளையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். என்னிடமிருக்கும் இரண்டாவது போலி அதற்காக வைத்திருப்பதுதான், முதுநகர் ரயில் பாதை ஓரம் பொறுக்கியது. துண்டோடு வந்த சீட்டையும் பில்லையும் அதே டப்பாவில் போட்டு, மேலே எண் ஒட்டுங்கள்.

கல்லைக் காட்ட வருகிறவர்கள் செவ்வாய்க்கிழமை மதியத்துக்கு மேல் வாருங்கள், நகை குறைவாக வரும் நேரம். தயவுசெய்து மஞ்சள், குங்குமம் வைக்காமல் கொண்டுவாருங்கள். மெஷின் முதலில் அதைத்தான் படிக்கிறது.